மேரியும் லெத்தாவும் விடுபட்டுப்போனார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'டெல்டா குயின்' என்ற அமெரிக்க ஆற்று நீராவிக் கப்பலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். படமும் நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கப்பலை வைத்திருந்த கிரீன் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது, கார்டன் கிரீனும் அவர் பிள்ளைகளும் நடத்திய கம்பெனி என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மாமியார் மேரி (கார்டனின் மனைவி), மருமகள் லெத்தா (மகன் டாமின் மனைவி) இருவருமே விடுபட்டுப்போனார்கள். இரண்டு பேருமே அந்தக் கம்பெனியை நடத்தியவர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2006ல் மகளின் பிரசவத்துக்காக சின்சினாட்டி போயிருந்தேன். ஒஹையோ ஆற்றங்கரை ஊர் அது. ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். டெல்டா குயின் கரையோரம் நின்றிருந்தது. பின்னால் தண்ணீரைத் தள்ளி ஓட்ட, வீட்டு உயரத்துக்குச் சிவப்புச் சக்கரம். எல்லாரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புகைபோக்கியைப் பார்த்தேன். கீழே பாய்லர் இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு ஆள் நீர்மட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது. தொங்குபாலத்தில் நடந்து அக்கரையில் உள்ள கோவிங்டனுக்குப் போனால், ஆற்றைப் பார்த்தபடி வெண்கலத்தில் ஒரு அம்மா சிலை. யார் என்று கேட்டேன். கேப்டன் மேரி கிரீன் என்றார் மாப்பிள்ளை. மறுநாளே நூலகத்தில் புத்தகம் எடுத்துவந்து எனக்குப் படித்துச் சொன்னார்.

கார்டன் கிரீன் முதல் கப்பலை வாங்கியது 1890ல். மேரியைக் கல்யாணம் செய்ததும் அதே வருஷம். மேரி கணவர் பக்கத்தில் நின்றே ஆற்றைப் படித்திருக்கிறார். 1896ல் ஆற்றில் கப்பலுக்கு வழிபார்த்து ஓட்டும் பைலட் லைசென்ஸ், 1897ல் கேப்டன் லைசென்ஸ். அந்த நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுரிமை என்று சட்டம் வந்தது 1920ல். அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால் இந்த அம்மா சுக்கான் பிடித்துவிட்டார்.

ஆற்றில் பைலட் வேலை லேசானதில்லை. ஒஹையோ என்றால் எப்போதும் கரைபுரளும் ஆறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் கோடையில் தண்ணீர் இறங்கி மணல்திட்டு தெரியுமாம். கப்பல்கள் நடு ஆற்றில் தட்டி நின்றுவிடுமாம். மதகு, அணை எல்லாம் வரிசையாகக் கட்டி முடித்து ஆறு முழுக்கக் கப்பல் போக வழி ஆனது 1929ல்தான். அதுவரை எந்தத் திருப்பத்தில் திட்டு, எங்கே ஆழம் என்று பைலட் மனதில் வைத்திருக்க வேண்டும். போன மழைக்கு இருந்த திட்டு இந்த மழைக்கு இடம் மாறியிருக்கும். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலம் வந்தால் பனிக்கட்டி. அப்படிப் பனியில் மாட்டிக்கொண்ட கப்பலிலேயே மேரிக்கு ஒரு பிள்ளை பிறந்தது.

1927ல் கார்டன் இறந்தார். மேரி கப்பலை விட்டு இறங்கவில்லை. சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட, சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். அவர் இருந்தவரை கப்பலில் மது விற்க விடவில்லையாம். 1946ல் மகன் டாம் கலிபோர்னியாவில் டெல்டா குயினை 46,250 டாலருக்கு வாங்கினார். மறு வருஷம் பலகை அடித்து மூடி, கடலில் கட்டி இழுத்து, பனாமா கால்வாய் வழியாக நியூ ஆர்லியன்ஸ் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் நீங்களும் எழுதியிருந்தீர்கள். மேரி கடைசியில் அந்தக் கப்பலிலேயே குடியிருந்து, 1949ல் அதிலேயே கண்ணை மூடினார். அடுத்த வருஷம் டாமும் போய்விட்டார். கடனும் பிள்ளைகளும் லெத்தா தலையில். கப்பலை விற்றுவிட்டு வீட்டோடு இருந்திருக்கலாம். அவர் நடத்தினார். 1958ல் இனி முடியாது என்ற நிலையில் கலிபோர்னியாக்காரர் ஒருவர் பணம் போட்டுக் கைகொடுக்கும் வரை தாங்கிப் பிடித்தது லெத்தாதான். மேல்கட்டு மரம் என்பதால் 1966ல் வந்த பாதுகாப்புச் சட்டம் அந்தக் கப்பலை நிறுத்தப் பார்த்தது, அப்புறம் விலக்கு வாங்கி 2008 வரை ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். லெத்தா எட்டு வருஷம் பிடித்து வைக்காமல் இருந்திருந்தால் விலக்கு கேட்கக் கப்பல் ஏது?

இதில் உனக்கென்ன இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த வீட்டுக்கு 1978ல் மருமகளாகப் போனவள் நான். மாமனாரின் அப்பா ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்து, ஜப்பான் சண்டையில் ஊர் திரும்பியவர். பர்மாவின் ஐராவதி ஆற்றில் நெல் ஏற்றிவரும் ஸ்டீமர்களைப் பற்றி அவர் சொன்ன கதைகளை மாமனார் எங்களுக்குச் சொல்வார். (ஐராவதிக்குக் கப்பல் கட்டிய ஸ்காட்லாந்து டென்னி கம்பெனியில்தான் டெல்டா குயினின் அடிப்பாகத்துக்கு இரும்பும் தயாரானது. மாமனார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) 1986ல் என் கணவர் தவறிவிட்டார். இளையவனுக்கு எட்டு மாதம். மில் ஆபீஸ் அறையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தேன்.

ஒருநாள் விடியற்காலை பாய்லர்காரர் வரவில்லை. தொட்டியில் நெல் ஊறி முடிந்துவிட்டது, விட்டால் புளித்துவிடும். உமி தள்ளும் பையனை வைத்துக்கொண்டு நானே அடுப்பு மூட்டினேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் என் நெஞ்சும் கூடவே இறங்கும். ஆவி அழுத்தம் காட்டும் முள் மெதுவாக ஏறி, வால்வைத் திறந்ததும் ஆவி சீறி நெல்லுக்குள் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு அவித்த நெல் ஒரு மணி வீணாகவில்லை. அப்புறம் முறைப்படி ஆள் வைத்தேன், ஆனாலும் கண்ணாடியைப் பார்க்காமல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வருஷா வருஷம் சோதனைக்கு வருபவர்களில் சிலர், "வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். 2011 வரை, 25 வருஷம் நடத்தினேன். பிறகு ஒரு விழா மலரில் எங்கள் மில்லின் கதை வந்தது. மாமனார் பெயர், கணவர் பெயர், அதற்கடுத்து "பின்னர் மூடப்பட்டது" என்று இருந்தது. அந்த மலரை நான் பீரோவில் வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தைப் படித்தபோது அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

நீராவி நம் ஊருக்குப் புதுசில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ல் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில்தான். பழைய வட ஆற்காட்டில் பாய்லர் வைத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களைப் பற்றியும் உங்கள் நிருபர்கள் எழுத வேண்டும். எழுதப் போகும்போது திண்ணையில் இருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய்ப் பேரேட்டை வாங்கி, அது யார் கையெழுத்து என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு திருத்தத்துக்கு இடம் குறைவு என்றால் மூன்று வரி போதும். மேரி கிரீன் 1896ல் பைலட், 1897ல் கேப்டன். 1949ல் டெல்டா குயினிலேயே காலமானார். 1950ல் கணவர் இறந்த பிறகு கம்பெனியை நடத்தியவர் லெத்தா கிரீன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காட்பாடி.