கண்ணகி நகரில் மனநல மருத்துவரும் தடையில்லா மாத்திரையும் கேட்டு மூன்றாம் முறையாக மனு

அனுப்புநர்
கண்ணகி நகர் குடியிருப்பாளர்,
துரைப்பாக்கம், சென்னை.
(பெயர், பிளாக், கதவு எண், செல் நம்பர் எல்லாம் பின்பக்கம் எழுதியுள்ளேன்.)

பெறுநர்
மனநலப் பணிகளைக் கவனிக்கும் அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: எங்கள் பகுதி அரசு மருத்துவ மையத்தில் மனநல மருத்துவர் வராததும், மாத்திரை இல்லாததும், குடிநோய்க்குச் சிகிச்சை மறுக்கப்படுவதும் தொடர்பாக.

பார்வை: 1. ஆடி மாதம் நேரில் கொடுத்த மனு. 2. தீபாவளிக்கு முந்தின வாரம் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. மழைக்கால மருத்துவ முகாமுக்குத் தாங்கள் வந்து நின்ற திடலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. எந்த மையத்தைச் சொல்கிறேன், மாத்திரை கொடுக்கும் ஜன்னல் எந்தப் பக்கம், மழை பெய்தால் வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டு மனு முடித்துவைக்கப்பட்டது' என்று செல்போனில் ஒரு செய்தி வந்தது. என்ன முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை. தயவுகூர்ந்து இந்த முறை கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன்.

1. என் தம்பிக்கு வயது 34. பத்து வருடமாக இருமுனை மனநோய், மனம் சில காலம் தலைகால் புரியாத வேகத்திலும் சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்தும் கிடக்கும். அம்மா தவறிய பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லித்தியமும் ராத்திரிக்கு ஓலன்சபினும் ஒழுங்காக உள்ளே போனால் அவனைப் போல ஒரு ஆள் கிடையாது. பெயின்டிங் வேலைக்குப் போவான், கூலியை அப்படியே என் கையில் கொடுப்பான். 2020-ல் நம் நகர் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் வரைந்தார்களே, அப்போது நாள் முழுக்க கீழே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, எந்த நிறத்தோடு எதைக் கலந்தார்கள் என்று எனக்குப் பாடம் நடத்தினான். மாத்திரை ஒழுங்காகக் கிடைத்த வருடம் அது.

2. வியாழக்கிழமை தோறும் நம் மையத்துக்கு மனநல மருத்துவர் வருவார் என்பது ஏற்பாடு. சுவரிலும் எழுதியிருக்கிறது. சித்திரையிலிருந்து அவர் வந்த வியாழன்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். டாக்டர் வராவிட்டால் சீட்டு புதுப்பிக்க முடியாது, சீட்டு இல்லாவிட்டால் மாத்திரை இல்லை. சரி, டாக்டர் வந்துவிட்டார் என்றால் அன்றைக்கு லித்தியம் இருப்பு இல்லை. 'வெளியே வாங்கிக்கோங்கக்கா' என்கிறது ஜன்னலில் இருக்கும் பெண். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அலமாரியில் இருந்தால்தானே கொடுக்கும். வெளியே மெடிக்கலில் போய் நின்றால், பழைய சீட்டுக்குத் தர முடியாது என்கிறார்கள். கையில் காசை வைத்துக்கொண்டு நின்றாலும் மாத்திரை கிடைக்காத கூத்து இது. லித்தியம் பாரசிட்டமால் மாதிரி இல்லை ஐயா. ரத்தத்தில் அளவு கூடினாலும் ஆபத்து, சட்டென்று நின்றாலும் நோய் பழையபடி கிளம்பும். மருத்துவம் தெரிந்தவர்களுக்கு ஒரு ஹவுஸ்கீப்பிங் பொம்பளை இதை எழுத வேண்டியிருக்கிறது.

3. 'கீழ்ப்பாக்கம் போங்க' என்பது சுலபமான பதில். போகாமல் இல்லை. அங்கே நன்றாகத்தான் பார்க்கிறார்கள். 1794-ல் தொடங்கிய அரசு மனநல ஆஸ்பத்திரி, அனுபவம் இருக்காதா? ஆனால் நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவர்கள். அங்கேயே இருந்திருந்தால் கீழ்ப்பாக்கம் கிட்டத்தில். தம்பிக்கு 9 வயதாக இருக்கும்போது அரசாங்கம் எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இங்கே இறக்கியது. கட்டில், பானை, சைக்கிள் எல்லாம் வந்தன. டாக்டரை மட்டும் ஏற்ற மறந்துவிட்டார்கள். இப்போது கீழ்ப்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். மெட்ரோ வேலை நடக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) பஸ் நகர்ந்து நகர்ந்து போய், அப்புறம் இன்னொரு பஸ் மாறி, ஓ.பி. சீட்டு மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். நோய் கிளம்பிய ஆளை அப்படிக் கூட்டிப் போய்ப் பார்த்தால் தெரியும். ஒருமுறை மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவிட்டான், கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. எங்கே போகிறோம் என்று நடத்துநர் கேட்டு, நான் 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னால் பின் சீட்டில் சிரிப்பு. இந்த ஊரில் அந்த இடத்தின் பெயரே வசவு அல்லவா.

4. மாத்திரை நின்று பத்து நாளில் குடி தொடங்கும். அரசு மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. ஆள் வரவில்லை என்று ஒரு நாளும் மூடியதில்லை. சரக்கு இருப்பில்லை, வெளியே வாங்கிக்கொள் என்று சீட்டு எழுதித் தந்ததில்லை. அந்த நிர்வாகத்தில் பாதி மாத்திரை ஜன்னலுக்கு வந்தால் போதும்.

குடியைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு, மூன்றாம் நாள் இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. புரட்டாசியில் மாடிப்படியில் அவனுக்கு ஃபிட்ஸ் வந்து 108-ல் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு பிரிவில், 'இது குடி கேஸ், குடியை விட்ட பிறகு கூட்டிட்டு வாங்க' என்றார்கள். போதை மீட்புப் பிரிவில், 'இவருக்கு மனநோய் இருக்கு, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க' என்றார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அதே வராந்தாவில் நான்கு தடவை நடந்தேன். 2017-ஆம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேதான் வைத்திருக்கிறது. சட்டத்தில் ஒரே வாசல். ஆஸ்பத்திரியில் மட்டும் இரண்டு வாசல், இரண்டும் மூடியிருக்கின்றன.

5. எழுதக் கூசுகிறது. முந்தின இரண்டு மனுவிலும் இதை எழுதவில்லை. எழுதாததால்தான் பதில் வரவில்லையோ என்று இப்போது எழுதுகிறேன்.

நான் தம்பியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் எனக்கு வேலை. காலை ஆறேகாலுக்கு வேன் வரும். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், மூன்று நாள் போட்டால் என் இடத்தில் வேறு ஆள். மாத்திரை இல்லாத நாட்களில் அவனைத் தனியாக விட்டால் கடைக்குப் போவான், இல்லாவிட்டால் ரோட்டில் லாரியை மறிப்பான். அதனால் சோற்றை வடித்து மூடி வைக்கிறேன், குடத்தில் தண்ணீர் வைக்கிறேன். அரிவாள்மனையை மேல் வீட்டு அக்காவிடம் கொடுக்கிறேன். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்கிறேன், தீப்பெட்டியையும். கம்பெனி வாசலில் பை சோதிக்கும் செக்யூரிட்டி அண்ணன் அந்த ரெகுலேட்டரை எடுத்து மேசையில் வைத்து, 'என்னம்மா, தினமும் இது எதுக்கு?' என்று கேட்டார். ரிப்பேருக்குக் கொடுக்கணும் என்று சொன்னேன். எத்தனை நாளைக்கு ஒரே ரெகுலேட்டர் ரிப்பேராகும்?

பூட்டும்போது அவன் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். திட்டினால்கூடப் பரவாயில்லை. 'யக்கா, சாவி எடுத்துக்கிட்டியா?' என்று கேட்கிறான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பெண். கட்டிப்போட்டவர்களை அம்மா சாபம் விட்டாள். இன்று அதே காரியத்தைச் செய்கிறேன். சட்டத்தின் 95-ஆம் பிரிவு மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. என்னிடம் சங்கிலி இல்லை, பூட்டுதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் சிலிண்டர் வெடித்தால் என் தம்பி எப்படி வெளியே வருவான், ஐயா? பதில் சொல்லுங்கள். இதையும் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பி முடித்துவைத்துவிடாதீர்கள்.

6. சட்டத்தை நானாகப் படிக்கவில்லை, இலவச சட்ட உதவி மையத்தில் இருந்த வக்கீல் அம்மா படித்துச் சொன்னார். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. 18-ஆம் பிரிவின்படி மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை. அதற்காக யாரும் வெகுதூரம் அலையக் கூடாது, வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய நல மையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். 'எப்போதும்' என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. நம்முடையது சமுதாய நல மையமா, ஆரம்ப சுகாதார நிலையமா என்று பலகையைப் பார்த்துப் பதில் எழுத வேண்டாம். ஆரம்ப நிலை உட்பட எல்லா மட்டத்திலும் மனநலச் சேவையைச் சேர்க்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. சேவையில் குறைபாடு இருந்தால் இதே சட்டப்படி உள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம் என்றும் அந்த அம்மா சொன்னார். எனக்கு அதற்கெல்லாம் லீவு இல்லை. அதனால்தான் தங்களிடமே திரும்பத் திரும்ப வருகிறேன்.

7. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்தேன். பொறுமையாகப் பேசினார்கள், நன்றி. போனில் மாத்திரை வராது.

ஆகவே கேட்பது இதுதான். வியாழக்கிழமை டாக்டர் வர வேண்டும். அவர் லீவு என்றால் வேறு டாக்டர் வர வேண்டும். வராத வாரத்தில் பழைய சீட்டுக்கே மாத்திரை கொடுக்க ஒரு உத்தரவு வேண்டும். லித்தியம் ஒரு மாத இருப்பு கையில் இருக்க வேண்டும், அதற்கான ரத்தப் பரிசோதனையும் இங்கேயே எடுக்க வேண்டும். குடியும் மனநோயும் சேர்ந்து வரும் ஆளை ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் தர முடியாவிட்டால் மாத்திரையையாவது கொடுங்கள். மாத்திரை கிடைத்தால் நான் பூட்டப் போவதில்லை. எங்கள் பிளாக்கில் மட்டும் இதே கதையோடு இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன. அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவர் கைநாட்டு.

என்னிடம் பேச வேண்டுமென்றால் மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடவும், வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். விசாரிக்க ஆள் அனுப்பினால் முன்கூட்டியே தெரிவிக்கவும். பகலில் வந்தால் கதவு வெளியே பூட்டியிருக்கும். வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட வேண்டாம் ஐயா. உள்ளே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)

இணைப்பு: முதல் மனுவின் ரசீது நகல், பதிவுத் தபால் ரசீது, தம்பியின் மருந்துச் சீட்டு, 'இருப்பு இல்லை' என்று எழுதித் தந்த துண்டுச் சீட்டுகள் 7.