‘எம், எஃப், கே, செமிகோலன்’: தமிழ்த்துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன பருவத்தில் பார்வையற்ற மாணவர் ஒருவர் தன் லேப்டாப்பை என் மேசையில் வைத்து, நான் அனுப்பிய பாடக்குறிப்பைத் திறந்தார். ‘அகம்’ என்ற சொல்லில் நிறுத்தி, எழுத்து எழுத்தாக நகர்த்தினார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் சொன்னது: “எம், எஃப், கே, செமிகோலன்.” “இப்படித்தான் சார் உங்க நோட்ஸ் எனக்குக் கேக்குது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் பாமினி. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு அது. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கிலக் குப்பை. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. நாம்தான் டிடிபி கடைப் பழக்கத்தை விடவில்லை. புத்தகப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வாட்ஸப்பில் போடுவது இன்னும் மோசம், அதில் ஓர் எழுத்துகூடக் கேட்காது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் அவர்களுக்கு 5 விழுக்காடு இடம் தருகிறது. சரி, இடம் கொடுத்தாயிற்று. பாடத்தை எப்போது கொடுப்பது?

வகுப்பறையிலும் நம் கை கரும்பலகையில்தான். “இது இங்கே நேர், இது நிரை, பாருங்க” என்றே செய்யுள் இலக்கணமான யாப்பை நடத்திவந்தேன். எதைப் பார்ப்பது? அந்த மாணவருக்காக மேசையில் தட்ட ஆரம்பித்தேன். அசை இரண்டு வகைதானே, நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு. முதல் குறளின் ‘அகர’ இரண்டு-ஒன்று, புளிமா என்னும் சீர். ‘முதல’ அதேதான். ‘எழுத்தெல்லாம்’ இரண்டு-ஒன்று-ஒன்று, புளிமாங்காய். கடைசி பெஞ்சு முதலில் தட்டக் கற்றுக்கொண்டது! ஒலியில் பிறந்த யாப்பை இத்தனை வருஷம் சாக்பீஸால் நடத்தியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பழைய கோப்புகளை என்ன செய்வது என்பீர்கள். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. படமாக இருப்பதைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். பிழை இருக்கும், ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். என் நன்னூல் குறிப்புக்கு ஒரு மாலை ஆனது. கொம்புகள் சில இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். வேர்டு கோப்பாக.

அன்புடன்,
உங்களில் ஒருவன்