மதியம் இரண்டு மணிக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு பள்ளிக் கட்டடத்தைப் பற்றி வெளிவந்த 'பசுமைப் பள்ளி' கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தன. கூரை நிறைய சோலார் தகடுகள், நுழைவாயில் சுவரில் தொங்கும் செடிகள், முகப்பு முழுக்கக் கண்ணாடி. முப்பத்தொரு வருடம் சாக்பீஸோடு வகுப்பில் நின்றவள் நான். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதுதான். கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்த ஒரு விஷயம் மட்டும் இல்லை. அது மேற்குப் பார்த்த முகப்பாக இருந்தால், மேலே தகடுகள் தயாரிக்கும் மின்சாரத்தைக் கீழே ஏசிகளே குடித்துத் தீர்த்துவிடும்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். மனையின் அகலம் தெருப்பக்கம் கூடுதலாக இருந்ததால் கட்டடத்தையும் தெருவுக்கு இணையாக நீட்டி வைத்துவிட்டார்கள். தெரு மேற்கே இருந்தது. பெரிய பெரிய ஜன்னல்கள், நல்ல வெளிச்சம் என்று திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். முதல் கோடையில் குட்டு வெளிப்பட்டது. ஒன்றரை மணிக்கு ஜன்னலோர பெஞ்சில் ஒரு வெயில் கட்டம் வந்து உட்காரும். இரண்டேகாலுக்கு அது இரண்டாம் வரிசை. மூன்று மணிக்கு மூன்றாம் வரிசையைப் பிடித்திருக்கும். பிள்ளைகள் பெஞ்சோடு நகர்ந்து நகர்ந்து எதிர்ச்சுவரோரம் ஒட்டிக்கொள்வார்கள். கரும்பலகையின் பாதி பளபளத்துப் போய் எழுத்தே தெரியாது. கடைசியில் பழைய சார்ட் பேப்பர்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். வெயில் நின்றது, கூடவே வெளிச்சமும் நின்றது. வெளியே பட்டப்பகல், உள்ளே டியூப்லைட்!

அந்த வகுப்பில் ஒரு பையன் செய்த வேலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெயில் எத்தனை மணிக்கு எதுவரை வருகிறதென்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரமும் எழுதி வைத்திருந்தான். யார் எப்போது எழுந்து நகர வேண்டும் என்பதில் தினமும் நடந்த சண்டையைத் தீர்க்க அவன் கண்டுபிடித்த வழி அது. திட்டியிருக்க வேண்டியவள், அதை வைத்தே பூமியின் சுழற்சியைப் பாடம் நடத்தினேன். ஆனால் அந்தக் கோடுகளை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே யாராவது தாளில் போட்டிருக்கலாம். சூரியன் எந்த மாதம், எந்த நேரம், எங்கே நிற்கும் என்பது ரகசியம் இல்லையே.

வெயில் அதிகமுள்ள நாடுகளில் பள்ளிக் கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓட வேண்டும், ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும் என்பது கட்டடக் கலையின் அரிச்சுவடி. உச்சி வெயில் மேலிருந்து விழுவது. ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் வைத்தாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம். காலை மாலை வெயில் தாழ்வாக, படுத்தவாக்கில் வருவது. அதை எந்த சன்ஷேடாலும் மறிக்க முடியாது. குளிர் நாடுகளில் கணக்கே வேறு. பூமியின் வடபாதியில் உள்ளவர்கள் குளிர்காலத் தெற்கு வெயிலை உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அதனால்தான் ஓர் ஊரின் அழகான பள்ளியைப் படம் பார்த்து இன்னோர் ஊரில் அப்படியே எழுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து ஏறத்தாழ 70 வாட் வெப்பம் வெளியேறுகிறது. ஒரு வகுப்பில் 40 பேர் என்றால் 2,800 வாட். மூன்று இஸ்திரிப் பெட்டிகளை நாள் முழுக்க சூடாக வைத்திருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். மூச்சையும் கணக்கில் சேருங்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்கு போல இருக்கிறது. நாம் விடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000 பங்கு. கதவு ஜன்னலைச் சாத்திய வகுப்பில் ஒரு பாடவேளை முடிவதற்குள் அந்த அளவு 2,000ஐத் தாண்டுவது சாதாரணம். மதியம் பிள்ளைகள் தூங்கி வழிந்தால் சாப்பாட்டின் மேல் பழி போடுகிறோம். சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. ஏசி போட்டுவிட்டோம் என்று ஜன்னலை அடைத்தால் அறை குளிரும், மண்டை கனக்கும்.

எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், கூரையை ஒட்டி வெப்பக்காற்று வெளியேற வெண்டிலேட்டர், இவை இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் நடைவழி, இருபுறமும் வகுப்பு என்று கட்டினால் இது நடக்காது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வெளிச்சுவர்தானே மிஞ்சும்? இடம் மிச்சம் என்று அப்படிக் கட்டுகிறார்கள். ஒருபுறம் தாழ்வாரம், மறுபுறம் ஜன்னல் என்றிருந்த பழைய பாணிக் கட்டடங்களில் மின்விசிறி நின்றாலும் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என்னை மிகவும் ஈர்த்தது மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ கிராமத்துத் தொடக்கப் பள்ளி. அதை வடிவமைத்த ஃபிரான்சிஸ் கெரே அந்தக் கிராமத்துப் பிள்ளை. சிறுவயதில் வெளியூரில், புழுங்கும் வகுப்பறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தவர். பெர்லினில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருக்கும்போதே நிதி திரட்டி, ஊர் மக்களோடு சேர்ந்து 2001இல் அந்தப் பள்ளியைக் கட்டி முடித்தார். அங்கே கிடைக்கும் களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய கற்கள்தான் சுவர். கூரை தகரம்தான். தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேக்காடு தெரியும். ஆனால் அவர் தகரத்தை வகுப்பின் தலையில் கவிழ்க்கவில்லை. வகுப்புக்கு மேலே மண் கற்களால், இடைவெளி விட்டு ஓர் உட்கூரை. அதற்கும் மேலே, சாதாரண கட்டுமானக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தின் மேல் தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். தகரம் சூடானால் சூடாகட்டும், இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். வகுப்பின் வெக்கை உட்கூரையின் இடைவெளி வழியே மேலேறி அதோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பள்ளிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக் கலை விருது. கெரேவுக்கு 2022இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு, அதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர் அவர். வகுப்பில் வெந்தவரே வரைந்ததால் வந்த கூரை அது என்று நினைத்துக்கொள்வேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. பகல் வெளிச்சம் நிறைய வரும் வகுப்புகளில் பிள்ளைகள் வேகமாக முன்னேறுகிறார்கள் என்று 1999இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு வந்தது. பசுமைக் கட்டடம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத் தூக்கிப்பிடிக்கிறார்கள். அதே குழு 2003இல் வேறொரு பள்ளி மாவட்டத்தில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு அப்படியே வரவில்லை. ஜன்னல் வழியே தெரியும் காட்சி நல்லது செய்தது, கண்ணைக் கூசவைக்கும் வெயில் கெடுதல் செய்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் சார்ட் பேப்பர் ஜன்னல்கள் சொல்லாததையா சொல்லிவிட்டார்கள்!

சிமெண்ட் பற்றியும் உங்கள் கட்டுரை வாய் திறக்கவில்லை. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளையில் எரியும் எரிபொருளால் வருவதும் இல்லை. சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு அப்படியேதான் இருக்கும். ஆக, உறுதியாக நிற்கும் பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டு அதே இடத்தில் புதுக் கான்கிரீட் எழுப்பி, அதற்குப் 'பசுமை' என்று பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மொட்டை மாடிக்கு நல்ல வெள்ளை பூசினாலே விழும் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். வெள்ளையில் அழுக்கு படியும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். மழைநீர் சேகரிப்பு பற்றி நீங்கள் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர், அதில் கொஞ்சம் வீணானாலும் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் எவ்வளவோ உதவும்.

பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் புதுக் கட்டடத்திலும் உயரத்தில் வெண்டிலேட்டர் வைத்திருந்தார்கள், கயிறு இழுத்துத் திறப்பது போல. இரண்டாம் வருடம் கயிறு அறுந்தது. மாட்டுவதற்கு ஏணி வேண்டும், ஏணி பூட்டிய அறையில், சாவி யாரிடமோ. நான் பணி ஓய்வு பெறும் நாள் வரை அவை மூடியேதான் இருந்தன. பியூனும் ஆசிரியையும் தரையில் நின்று கையாலேயே திறக்க முடியாத எந்த ஏற்பாட்டையும் வரைபடத்தில் பார்த்தவுடன் அடித்துவிட வேண்டும்.

திட்டக் கூட்டங்களில் எங்களை உட்கார வைப்பதில்லை. ஒரே ஒரு முறை கேட்டார்கள், அதுவும் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று. வரைபடம் போடும் பொறியாளர் ஒருநாள், கோடையில், மதியம் இரண்டு மணியிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை பழைய வகுப்பின் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து பேனாவை எடுக்கட்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் பேச்சும் கொடுக்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதும்போது முகப்புப் படத்தோடு தரைத்தள வரைபடத்தையும் வெளியிடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி அதில் இருக்கட்டும். மீதியை நாங்களே பார்த்துச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்