காட்ஸில்லாவை இயக்கியவர்

அன்புள்ள மகளுக்கு,

ரப்பர் உடைக்குள் ஓர் ஆளை நுழைத்து, பொம்மை நகரத்தை மிதிக்க வைத்தவரை ஏன் பெரிய இயக்குநர் என்கிறீர்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். காட்ஸில்லாவை எடுத்த ஜப்பானிய இயக்குநர் இஷிரோ ஹோண்டாவின் வாழ்க்கையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

யமகாட்டா மாகாணத்தில் 1911-இல் ஒரு பௌத்த மதகுருவின் மகனாகப் பிறந்த அவர், பின்னாளில் தோஹோ என்று பெயர் பெற்ற திரைப்பட நிறுவனத்தில் 1933-இல் சேர்ந்தார். அவருக்குப் பின் அங்கே வந்த நண்பர் அகிரா குரோசாவா 1943-லேயே இயக்குநராகிவிட்டார். ஹோண்டாவோ மீண்டும் மீண்டும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, சீனப் போர்முனையில் ஆண்டுகளைத் தொலைத்து, போர் முடிந்தபோது கைதியாக இருந்து, 1946-இல் அழிந்து கிடந்த ஹிரோஷிமா வழியாக ஊர் திரும்பினார். முதல் கதைப்படத்தை இயக்கிய 1951-இல் அவருக்கு வயது நாற்பது.

1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகிலிருந்த 23 பேர் மீது படிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான, கடலிலிருந்து எழுந்து வந்து நகரத்தை அழிக்கும் ராட்சத மிருகத்தின் கதையான காட்ஸில்லா, கடலில் ஒரு கப்பல் பேரொளியில் எரிவதோடு தொடங்கியபோது, அது எதைக் குறிக்கிறது என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகரத்தை நொறுக்கும் தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயாவின் கைவண்ணம். மனிதர்கள் வரும் பகுதிதான் ஹோண்டாவுடையது. தீக்கு நடுவே பிள்ளைகளை அணைத்தபடி, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் தாயையும், மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கொண்டுபோகும்போது கதிர்வீச்சுமானி சத்தமிடுவதையும், போரைப் பார்க்காத ஒருவர் இவ்வளவு அடக்கமாக எடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

அதன்பின் வந்தவை எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 1961-இல் வந்த மோத்ரா, ஒரு ராட்சத அந்துப்பூச்சியின் கதை வழியாகப் பேராசைக்காரன் ஒருவனைச் சாடும் அழகான படம். அறுபதுகளின் இறுதிக்குள் பூதங்கள் சிறுவர்களின் தோழர்களாகிவிட்டன, எனக்கு அவை அவ்வளவாக ஒட்டவில்லை. 1975-இல் கடைசிப் படத்தை இயக்கிய ஹோண்டா, எழுபதை நெருங்கும் வயதில் குரோசாவாவின் காகேமுஷா படப்பிடிப்புக்குப் போய் அவருக்கு உதவியாளராக நின்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர் அதைக் கௌரவக் குறைவாக எண்ணவில்லை. குரோசாவாவின் கடைசிப் படம் வரை அப்படியே தொடர்ந்தார். அது திரைக்கு வருவதற்கு முன்பே, 1993 பிப்ரவரியில், காலமானார்.

பார்ப்பதானால் 1954-இன் ஜப்பானிய மூலத்தையே பார். 1956-இல் அமெரிக்கர்கள் ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நுழைத்து வெட்டி ஒட்டிய வடிவம் ஒன்று உண்டு. ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் தான் உயிர்தப்பியதைச் சொல்லும் இடம் அதில் இருக்காது.

அன்புடன்,
அப்பா