கொழும்பு செட்டியார் தெரு நகைப் பட்டறைக்கு

அன்புள்ள பட்டறை மாமாமாருக்கும் வெள்ளவத்தை மூன்றாம் மாடி அன்ரிக்கும்,

ஆய்வேட்டில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் கிடைத்தது, அதுவும் ஆங்கிலத்தில். மேற்பார்வையாளர்களுக்கே அது நிரம்பிவிட்டது. உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

2017 ஒக்டோபர் 16 நினைவிருக்கிறதா? தீபாவளிக்கு இரண்டு நாள். பட்டறையில் ஒருவருக்கும் தலை நிமிர நேரமில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நான் இரவு ஏழரைக்கு மூலையில் இருந்து ஃபோனில் ஒரு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள், அதாவது செத்த பெரிய விண்மீன்களின் இறுகிய கருக்கள், மோதியதை ஈர்ப்பு அலைகளை (வெளியையே அதிரவைக்கும் அலைகளை) உணரும் கருவிகளான லைகோவும் வேர்கோவும் ஓகஸ்ட் 17 அன்று பிடித்திருந்தன. ஈர்ப்பு அலை ஓய்ந்து 1.7 செக்கனில் காமாக் கதிர் வெடிப்பு. இப்படி மோதும்போதுதான் தங்கம் உண்டாகுதாம் என்று நான் உரத்துச் சொல்ல, பெரிய மாமா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

“உரைச்சுப் பாத்தவையோ, பிள்ளை?”

எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. மோதலுக்குப் பிறகு தெரிந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, இதுதான் தங்கம் என்று ஒரு நிறமாலைக் கோட்டை ஒருவரும் தொட்டுக் காட்டவில்லை. ஒளி சிவந்து மங்கிய விதத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் பேர் சொல்லி முதலில் அடையாளம் கண்ட மூலகம் ஸ்ட்ரோன்சியம், அதுவும் 2019இல்.

நான் பார்ப்பது கருந்துளையும் நியூத்திரன் விண்மீனும் மோதுவதை. கருந்துளை சிறியதாய், வேகமாய்ச் சுழன்றால் விண்மீன் உள்ளே விழுமுன் கிழிபடும். சிதறுவதில் பாரமான மூலகங்கள் உருவாகும். பெரியதாய், மந்தமாய்ச் சுழன்றால் முழுசாக விழுங்கிவிடும், தூள்கூட மிஞ்சாது. 2020 ஜனவரியில் பத்து நாள் இடைவெளியில் கருந்துளையும் நியூத்திரன் விண்மீனும் மோதிய நிகழ்வுகள் இரண்டு பதிவாகின. வானத்தில் வெளிச்சம் எதுவும் அகப்படவில்லை. எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் என் ஐந்து வருடக் கணக்கு. பின்னேரம் பட்டறை கூட்டி, தூசியையும் பொட்டலம் கட்டி வைக்கிற ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கை கழுவிய தண்ணீரையே ஊற்றவிடமாட்டீர்களே!

வெளிநாடு போக ஒரு வங்கியில் கடன் கேட்டேன். “நட்சத்திரம் படிச்சு என்ன உழைக்கப்போறீங்க?” என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடினார்கள். நியாயமான கேள்விதான், கேட்ட தொனிதான் இன்னும் சுடுகிறது. அம்மாவின் ஆறு பவுண் சங்கிலி அடகுக்குப் போகவிருந்தது. அந்தச் சங்கிலியே உங்கள் கைவேலை என்பதாலோ என்னவோ, சீட்டை முந்தி எடுத்து அந்தக் காசை அப்பாவின் கையில் வைத்தீர்கள். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அன்ரி, 2022இல் அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் வந்து நின்ற மாதம் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. அந்தக் கிழமைதான் என் முதல் கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பவேண்டியிருந்தது. உங்கள் இன்வேர்ட்டரில் ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு என் மடிக்கணினியைச் செருகினீர்கள். பாரை மீன் பழுதாய்ப்போனதை அம்மா பிறகுதான் சொன்னா.

பெரிய மாமா, இன்னும் உரைச்சுப் பாக்கேல்லை. சனிக்கிழமை பின்னேரம் வாறன், சீட்டுக் காசோட. ஆருக்கு எவ்வளவு எண்டு ஒரு துண்டில எழுதி வையுங்கோ.

உங்கள் பிள்ளை