ஆட்கடத்தலைத் தடுக்கவென்றே ஒரு தூதர் வேண்டும்

மாண்புமிகு இந்திய வெளியுறவுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆட்கடத்தலை எதிர்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட மூத்த தூதர் பதவி ஒன்றை உங்கள் அமைச்சகம் உருவாக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

டிப்ளமோ முடித்துவிட்டு மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்த வேலைக்கு அலையும் பிள்ளைகள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு, "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் நியமனக் கடிதம் வருகிறது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. பாங்காக்கில் இறங்கியவனைக் காரில் ஏற்றி, தாய்லாந்தின் எல்லையோர ஊரான மே சோட் கொண்டுபோகிறார்கள். அங்கே மோயி ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெண் பெயரில் கணக்குத் தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் நைச்சியமாகப் பேசிப் பணம் பறிக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி, பட்டினி. விட வேண்டுமானால் வீட்டார் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் தாய்லாந்து, மலேசியா, வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை. பத்தாவது தேறியவர்களுக்குத் தேவையில்லை. சுற்றுலா விசாவில் போகிறவனை நிறுத்திக் கேட்பாரும் அநேகமாக இல்லை. படித்த பிள்ளை ஏமாறமாட்டான் என்று அன்று நினைத்திருக்கலாம். இன்று கடத்தல்காரர்கள் வலைவீசித் தேடுவதே கணினியும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகளைத்தான்.

உங்கள் தூதரகங்கள் கைகட்டி நின்றன என்று சொல்லமாட்டேன். 2022இல் தமிழ்நாட்டு இளைஞர்களை மியான்மரிலிருந்து மீட்டீர்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் மே சோட்டிலிருந்து ஒரே நடையில் 283 பேரை அழைத்துவந்தது. மனமார்ந்த நன்றி. ஆனால் மியாவாடி யாங்கோன் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அங்கே நடப்பதோ ஆயுதக் குழுக்களின் ஆட்சி. வெளியே வரும் வழி தாய்லாந்து. அது பாங்காக் தூதரகத்தின் பொறுப்பு. பையனைக் கம்போடியாவுக்கோ லாவோசுக்கோ கைமாற்றி விற்றுவிட்டால் இன்னொரு தூதரகம். இங்கே ஏஜென்ட் மீதான புகார் காவல் நிலையத்தில். மனு ஒன்று குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில், மற்றொன்று மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையில். விற்கப்பட்டவன் மூன்று எல்லைகளைத் தாண்டிவிடுகிறான். அவனுடைய கோப்பு ஒன்றைக்கூடத் தாண்டுவதில்லை. அந்தக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று தலைநகரங்களிலும் அமைச்சர் மட்டத்தில் பேசும் தகுதியுள்ள ஒருவர் நமக்கு இல்லை.

இது உலகம் காணாத யோசனை அல்ல. அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி இதற்கென ஓர் அலுவலகம் அமைத்தது. அதன் தலைமைப் பொறுப்பு தூதர் தகுதி உடையது, நியமனத்துக்குச் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இத்தகைய தூதர் பதவி உண்டு. ஆட்கடத்தலை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்று அமெரிக்க அலுவலகம் ஆண்டுதோறும் நாடுகளைத் தரம்பிரித்து வெளியிடும் அறிக்கையில் நம்மை எங்கே வைக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. பிறரைத் தரம்பிரிக்கும் பதவியை நான் கேட்கவில்லை. நம் பிள்ளைகளைத் தேடிப் போகும் பதவியைக் கேட்கிறேன்.

ஐ.நா.வின் ஆட்கடத்தல் தடுப்பு நெறிமுறையை இந்தியா 2011இல் ஏற்றுறுதி செய்தது. பாதிக்கப்பட்டோரின் பாதுகாப்பும் அதில் அடக்கம். ஆகவே, அடி உதைக்குப் பயந்து மோசடியில் ஈடுபட்டவர்களைக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது என்று வாதாடுவதும் இந்தத் தூதரின் கடமையாக இருக்க வேண்டும். ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பவருக்கு அலங்காரப் பதவியாக இதைக் கொடுத்துவிடாதீர்கள். நிலையான பதவிக்காலமும் தனி நிதியும் கொடுங்கள். எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பேர் மீண்டார்கள், எத்தனை ஏஜென்டுகள் தண்டனை பெற்றார்கள் என்ற கணக்கை அவர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். எங்கள் பகுதிக்கும் அவர் வர வேண்டும். திரும்பிவந்த பிள்ளைகள் வழியையும் ஆட்களையும் அடையாளம் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்