எஃப்/1.4 போதும், நண்பா

மாட்டுங்கா, மும்பை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. பணி ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, செகண்ட் ஹேண்டில் ஆனாலும் நல்ல நிலையில் உள்ள லைக்கா எம் 240 ஒன்றை வாங்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஒரே ஃபிலிம் ரோலை இருவரும் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்குப் பதினெட்டுப் படம் என்று எண்ணி எடுத்த நாம், இந்த வயதில் ஒரே வகைக் கேமராவை வைத்துக்கொண்டு லென்ஸ் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று அன்று யார் நினைத்தார்கள்?

நீ கேட்டது ஒரே கேள்விதான். எஃப்/0.95 வரை திறக்கும், லைக்காவின் ஐம்பது மி.மீ. நாக்டிலக்ஸ் லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது, மீதிச் சேமிப்பையும் போட்டு அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பது என் பதில். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகி ஒளி அதிகம் வரும், அதைத்தான் லென்ஸின் வேகம் என்கிறோம் என்பது உனக்குத் தெரியும். எஃப்/1.4 அல்லது எஃப்/1.5 வரை திறக்கும் ஐம்பது மி.மீ. லென்ஸ் ஒன்றே உனக்குப் போதும். லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனிச் சன்னலில் தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் நம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் அதற்கு மேல் கிடைக்கும் வேகத்தைக் கையாள்வதற்கு நீ கொடுக்கும் விலை, பணத்தைத் தவிரவும் நிறைய இருக்கிறது. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வேகமான லென்ஸ் என்பது முதலில் இருட்டை வெல்வதற்காகவே பிறந்தது. 1920களில் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்ற, கண்ணாடித் தட்டில் படம் பதியும் சிறிய கேமரா வந்தது. அதில் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த எர்னோஸ்டார் லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது. எரிக் சாலமன் அதைக் கொண்டு ராஜதந்திரிகளின் மாநாடுகளையும் நீதிமன்ற விசாரணைகளையும் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்துப் புகழ்பெற்றார். அதே பெர்டெலேதான் 1930களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டருக்காக ‘சொன்னார்’ (Sonnar) என்ற பெயருடைய எஃப்/1.5 லென்ஸை வடிவமைத்தார். கண்ணாடிக்குப் பூச்சு பூசும் முறை அப்போது வழக்கத்துக்கு வரவில்லை என்பதால், காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் ஒவ்வொன்றிலும் ஒளி சிதறி, படம் வெளிறிவிடும். அவர் ஏழு கண்ணாடிகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கி அந்தப் பரப்புகளை ஆறாகக் குறைத்தார். அந்தக் கணக்கின் நேர்த்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பெரும் மரியாதை உண்டாகிறது. பின்னர் 1961இல் கேனன் எஃப்/0.95 லென்ஸை வெளியிட்டது; லைக்கா 1966இல் எஃப்/1.2 நாக்டிலக்ஸையும், 1976இல் கனடாவில் வால்டர் மாண்ட்லர் வடிவமைத்த எஃப்/1.0 நாக்டிலக்ஸையும் கொண்டுவந்தது. உனக்கு விலைக்கு வரும் எஃப்/0.95 வடிவம் 2008இல் அறிமுகமானது.

இந்த வரிசையில் பெரும்பாலானவை, ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 400 உள்ள ஃபிலிமையே பெரிய வரமாகக் கருதிய காலத்தின் படைப்புகள் என்பதை மறந்துவிடாதே. உன் எம் 240 கேமராவில் ஐ.எஸ்.ஓ. 1600இல் எடுத்த படத்தைத் தயக்கமின்றிப் பெரிதாக அச்சிடலாம், 3200இலும் பயமில்லை. எஃப்/1.4க்கும் எஃப்/0.95க்கும் உள்ள வேறுபாடு ஒரு ஸ்டாப்பை, அதாவது இரு மடங்கு ஒளியை, விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்டாப்பை ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிப் பெற்றுவிடலாம். ஆகவே இன்று வேகமான லென்ஸை வெளிச்சத்துக்காக வாங்குவது இரண்டாம் காரணம்தான். பின்னணியை உருக்கி, எடுக்கும் ஆளை அதிலிருந்து பிரித்துக் காட்டும் அதன் தனி அழகுக்காக வாங்குவதே முதல் காரணம். அப்படியானால், எவ்வளவு உருக வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஐம்பது மி.மீ. லென்ஸை எஃப்/1.4இல் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து மூன்று செ.மீ. அளவுதான். ஒரு கண் கூர்மையாக இருந்தால், சற்றுத் திரும்பிய முகத்தில் மறு கண் மங்கத் தொடங்கும். எஃப்/0.95இல் அது இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல். நடுவில் உள்ள வெளிச்சக் கட்டத்தில் இரட்டைப் பிம்பத்தை ஒன்றுசேர்த்துவிட்டு, முகத்தைச் சட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுவர நீ கேமராவைப் பதினைந்து பாகை திருப்புகிறாய் என்று வைத்துக்கொள். அந்தத் திருப்பத்தினால் மட்டுமே ஃபோகஸ் தளம் முகத்துக்குப் பின்னால் மூன்று செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுகிறது. மூச்சை இழுத்துவிடும்போது உடல் அசையும் அசைவு இதற்கு மேல். எனவே திருப்பியபின் உடலை மிகச் சிறிதளவு பின்னால் சாய்த்துவிட்டு ஷட்டரை அழுத்துவது என் வழக்கம். எஃப்/1.4இல் இந்தப் பழக்கம் கைகொடுக்கிறது, எஃப்/0.95இல் அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கேமராவின் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு சன்னல்களுக்கும் இடையே உள்ள தூரம் 69.25 மி.மீ.; வியூஃபைண்டர் காட்சியை 0.68 மடங்காகச் சுருக்கிக் காட்டுவதால், பயனுக்கு வரும் அடித்தூரம் ஏறத்தாழ 47 மி.மீ. ஆகிறது. பழைய எம்3 கேமராவில் அது 62 மி.மீ.க்குச் சற்று மேல் இருந்தது. அதாவது ஃபோகஸ் நுட்பத்தில் 1954இல் வந்த கேமரா நம் டிஜிட்டல் கேமராவை விட மேலானது. அதே சமயம், ஃபிலிம் மன்னித்த சிறு பிழைகளை சென்சார் மன்னிப்பதில்லை. கணினித் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் நம் கண்ணும் மன்னிப்பதில்லை. லென்ஸின் பின்புற வளையம் தள்ள, கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளை நகர, அந்த அசைவுதான் வியூஃபைண்டரில் பிம்பமாகச் சேர்கிறது. இந்தச் சங்கிலியில் தலைமுடி அளவு பிசகினாலும் எஃப்/1.4இல் தெரிந்துவிடும். லென்ஸ் காண்பதை அப்படியே பின்திரையில் காட்டும் லைவ் வியூ உன் கேமராவில் இருப்பது பெரும் வசதி: ஸ்டாண்டில் வைத்து, ஒரே பொருளை முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் மூலமும் பிறகு லைவ் வியூ மூலமும் ஃபோகஸ் செய்து இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார். லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால், லென்ஸைக் குறை சொல்லாமல் கேமராவைச் சரிசெய்யக் கொடு.

இன்னொரு தொல்லை, லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஃபோகஸ் தளம் பின்னோக்கி நகர்வது. லென்ஸின் ஓரத்தின் வழியாக வரும் கதிர்கள் ஓரிடத்திலும் நடுவின் வழியாக வருபவை வேறோர் இடத்திலும் குவிவதால் இது நேர்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் என்ன செய்கிறது என்று நாம் பார்ப்பதே இல்லை என்பதால் நம்மைத்தான் இது அதிகம் வாட்டுகிறது. கார்ல் ஸெய்ஸ் பின்னாளில் பெர்டெலேயின் மரபில் கொண்டுவந்த ஐம்பது மி.மீ. எஃப்/1.5 ‘சி சொன்னார்’ லென்ஸ் இதற்குப் பேர்போனது. பல பிரதிகளில் எஃப்/2.8க்குப் பொருந்துமாறு ஃபோகஸ் அமைந்திருக்கும். முழுதாகத் திறந்தால் கூர்மை ஆளுக்கு முன்னால் போய் விழும். இருந்தும் அந்த லென்ஸை நான் விடமாட்டேன். அதன் வழி முகத்தில் விழும் ஒளிக்கு ஒரு மென்மை இருக்கிறது, பின்னணி கோடுகளாகப் பிளவுபடாமல் குழைந்து நிற்கிறது. மனைவியின் படங்களில் எனக்குப் பிடித்தவை எல்லாம் அதில் எடுத்தவையே.

உனக்கு முதல் லென்ஸாக நான் சொல்வது, 2004இல் வந்த, லைக்காவின் ஐம்பது மி.மீ. எஃப்/1.4 ஆஸ்பெரிகல் சம்மிலக்ஸ் லென்ஸ். அதன் உள்ளே ஃபோகஸ் செய்யும்போது தனியே நகரும் ‘மிதக்கும்’ கண்ணாடி அமைப்பு இருப்பதால் கிட்டத்திலும் தூரத்திலும் ஒரே தரம் காட்டுகிறது. ஃபோகஸ் நகர்வும் தொல்லை தருவதில்லை. எடை 335 கிராம். நாக்டிலக்ஸ் 700 கிராம். உன் கேமராவே பேட்டரியுடன் 680 கிராம்தான் என்பதை நினைத்துப்பார். நாக்டிலக்ஸ் ஒரு மீட்டருக்குக் கிட்டே வராது, சம்மிலக்ஸ் எழுபது செ.மீ. வரை வரும். பருத்த லென்ஸ் வியூஃபைண்டரின் வலது கீழ் மூலையையும் மறைக்கும். சம்மிலக்ஸின் விலையும் உன்னை மலைக்கவைத்தால், வாய்க்ட்லாண்டர் நிறுவனத்தின் ஐம்பது மி.மீ. எஃப்/1.5 நோக்டான் லென்ஸைத் தயங்காமல் வாங்கு. அந்த விலைக்கு அதைப் போன்ற லென்ஸ் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. முப்பத்தைந்து மி.மீ.யில் எனில், 2010இல் வந்த மிதக்கும் கண்ணாடி உள்ள சம்மிலக்ஸ் மிகச் சிறந்தது. வாய்க்ட்லாண்டரின் சிறிய எஃப்/1.4 நோக்டான் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் வளையும், இடைப்பட்ட அப்பர்ச்சர்களில் ஃபோகஸும் நகரும். கட்டடங்களை எடுப்பவனுக்கு ஆகாது. உன்னைப் போல் மனிதர்களை எடுப்பவனுக்குப் பாதகமில்லை.

சரி, இன்பம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். விடியுமுன் மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே உள்ள பூக்கடைச் சந்துக்குப் போவேன். தலைக்கு மேல் ஒரே ஒரு விளக்கு; அதன் கீழே மல்லிகைச் சரம் தொடுக்கும் கை, ஈரம் சொட்டும் வாழை இலைக்கட்டு, பின்னால் இன்னும் இருட்டாகவே இருக்கும் தெரு. எஃப்/1.4, ஐ.எஸ்.ஓ. 800, நொடியில் அறுபதில் ஒரு பங்கு. பூத்தொடுக்கும் அம்மா என்னைப் பழகியவர் என்பதால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஒரு மீட்டரில் மூக்கை நுழைக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கூர்மை ஆழம் பன்னிரண்டு, பதின்மூன்று செ.மீ. ஆகிவிடுகிறது, நாரும் விரலும் மொட்டும் தெளிவாக இருக்க, அவருடைய முகம் பாதி குழைந்து, பின்னால் போகும் ஸ்கூட்டரின் விளக்கு வட்டமாக மலர்ந்து நிற்கும். வேகமான லென்ஸின் உண்மையான இடம் இந்த இரண்டிலிருந்து மூன்று மீட்டர் தூரம்தான் என்று நான் நம்புகிறேன். ஆளையும் பிரித்துக் காட்டும், அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் சொல்லும். முகத்தை ஒட்டி நின்று, கண்ணிமை மட்டும் தெரிய, காது முதல் எல்லாம் கரைந்துபோகும் படங்கள் பத்தைப் பார்த்தால் பதினொன்றாவது சலித்துவிடும். ஒரு சிறு எச்சரிக்கை: மலிவான எல்.இ.டி. விளக்குகளின் கீழ் ஷட்டரை நூறில் ஒரு பங்குக்கு மேல் வேகமாக்காதே, படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும்.

பகலில் முழுதாகத் திறந்து எடுக்க ஆசைப்பட்டால் என்.டி. ஃபில்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். கொளுத்தும் வெயிலில், உன் கேமராவின் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 200இல் எஃப்/1.4க்கு ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு நொடி தேவைப்படும். உன் ஷட்டரோ நாலாயிரத்தோடு நின்றுவிடும். எட்டு மடங்கு ஒளி குறைக்கும் ஃபில்டர் அந்த இடைவெளியைச் சரியாக நிரப்பும்.

லென்ஸ் வாங்க இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய், மிக நல்லது. கோட்டைப் பகுதியில் உள்ள போரா பஜாருக்கு இருவரும் சேர்ந்து போகலாம். செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்புறத்திலிருந்து அடித்து முன்புறம் பார்க்க வேண்டும். மும்பை மழைக்காலத்தைக் கண்ட லென்ஸ்களில் சிலந்தி நூல் போல் பூஞ்சை படர்ந்திருக்கும், அல்லது கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய புகைப் படலம் இருக்கும். இரண்டில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கியதை நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வைத்துப் பேணு; தோல் பெட்டிக்குள் மட்டும் அடைத்து வைக்காதே.

கேமராவை மறக்காமல் கொண்டு வா. உன் கேமராவில் மாட்டிப் பார்க்காமல் எந்த லென்ஸுக்கும் பணம் கொடுக்க நான் விடமாட்டேன். கடை மேசையிலேயே ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எஃப்/1.4, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுத்து, எந்த எண்ணின் மேல் கூர்மை விழுகிறது என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுவோம். என் சொன்னாரையும் சம்மிலக்ஸையும் நீ இருக்கும் நாள் முழுவதும் உன் கேமராவிலேயே வைத்துக்கொள். ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. தாதர் நிலையத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் மாட்டுங்கா நண்பன்